பேச வராத மொழியும் சொந்த மொழிதான்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் மொழி, மண், உறவு

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவர் ஒரு மொழியின் பெயரைச் சொல்லி, "அது என் மொழி" என்பார். அதில் பத்துச் சொல்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் நிற்பவர் அதே மொழியைச் சரளமாகப் பேசுவார். அவரைக் கேட்டால், "எனக்குப் பேச வரும், ஆனால் அது என்னுடையது இல்லை, இவர்களுடையது" என்பார். இருவர் சொல்வதும் சரிதான். ஒரு மொழியைப் பேசுவது வேறு, அந்த மொழிக்கு உடையவராக இருப்பது வேறு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், அவர்களின் நில உரிமை வழக்குகள், மொழி மீட்பு, உறவுமுறை எல்லாமே விளங்கத் தொடங்கும்.

பொதுவாக நாம் மக்களிலிருந்து தொடங்குகிறோம். ஒரு மொழி பேசுகிற மக்கள் ஓர் இனம், அவர்கள் வாழும் பரப்பு அவர்களுடைய நாடு. பூர்வகுடிகள் தொடங்குவது மண்ணிலிருந்து. படைப்புக் காலத்தில் முன்னோர்கள் நிலத்தின் மேல் நடந்தார்கள். போன இடங்களில் எல்லாம் மலை, ஊற்று, ஆறு ஆகியவற்றை உண்டாக்கி, அவற்றுக்குப் பெயரிட்டு, அந்தந்த இடத்துக்கு ஒரு மொழியையும் வைத்துவிட்டுப் போனார்கள். ஆக, மொழி முதலில் மண்ணோடு கட்டப்பட்டது. மனிதர்கள் அந்த மண்ணின் பிள்ளைகளாக இருப்பதால் மொழியும் அவர்களுக்கு வந்து சேர்கிறது. மனிதருக்கும் மொழிக்கும் இடையே எப்போதும் மண் நிற்கிறது.

வடக்கே குரோக்கர் தீவை ஒட்டிய பகுதியின் வாரமுர்ருங்குஞ்சி என்ற முன்னோர்த் தாயின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவள் அராஃபுரா கடலிலிருந்து கரையேறி உள்நாட்டை நோக்கி நடக்கிறாள். வழியில் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகளை இறக்கிவைத்து, இங்கே நீங்கள் இந்த மொழியைப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்கிறாள். பல மொழிகள் இருப்பது இந்த வரலாற்றில் சாபமோ குழப்பமோ இல்லை. உலகம் அப்படித்தான் ஒழுங்காக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு மண்ணுக்கும் அதற்குரிய மொழி இருந்தால்தான் அது முழுமை. இப்படிப்பட்ட வரலாறுகளைச் சொல்லும்போதும், முன்னோர் எல்லையைக் கடக்கும் இடம் வந்ததும் சொல்பவர் மொழியை மாற்றிச் சொல்வது உண்டு.

1788-இல் ஆங்கிலேயர் குடியேறியபோது 250-க்கும் மேற்பட்ட மொழிகள் அந்தக் கண்டத்தில் இருந்தன. கிளைமொழிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 800. "பூர்வகுடி மொழி" என்று ஒருமையில் சொல்வது இதனால்தான் பிழை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனிப் பண்பாட்டினர். அங்கே கிழக்குத் தீவுகளில் பேசப்படும் மெரியம் மிர், நியூகினிப் பக்கத்து மொழிகளோடு உறவுடையது.

மண் என்றால் வெறும் நிலம் அல்ல

பூர்வகுடிகள் ஆங்கிலத்தில் பேசும்போது "கன்ட்ரி" என்ற சொல்லைத் தனிப் பொருளில் ஆள்கிறார்கள். நிலம், நீர், கடல், காற்று, அங்கே வாழும் உயிர்கள், இறந்த முன்னோர், அந்த இடத்துக்குரிய பாட்டு, சடங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த மண் கேட்கும், தன் மக்களை அடையாளம் காணும், அயலாரைக் கண்டால் கலங்கும். ஆகவே ஓர் ஊற்றுக்கோ வேட்டை நிலத்துக்கோ புதியவர்களை அழைத்துப் போகும் மூத்தவர் முதலில் குரல் கொடுப்பார். யார் வந்திருக்கிறார்கள், யாருடைய பிள்ளைகள், எதற்காக வந்தார்கள் என்று முன்னோரிடம் சொல்வார். அந்த மண்ணின் மொழியில் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும் என்பது பல பகுதிகளில் உள்ள நம்பிக்கை. சில இடங்களில் புதியவரின் தலையில் அந்த இடத்து நீரைத் தெளிப்பார்கள். சில இடங்களில் மூத்தவர் தன் அக்குள் வியர்வையை அவர் மேல் தடவுவார், மண் அவரை மணத்தால் அறிந்துகொள்ளட்டும் என்று.

மொழி அழிந்தால் என்ன போகும் என்று கேட்டால் இலக்கியம் போகும், சொல்வளம் போகும் என்போம். இந்த மக்களுக்கு அதற்கும் மேலே ஓர் இழப்பு உண்டு. தங்கள் மண்ணோடு பேசும் வழியே அடைபட்டுப் போகிறது.

இடத்தின் அறிவு மொழிக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்குக் குயின்ஸ்லாந்தின் வடகோடியில் ஹோப்வேல் பகுதியில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியைப் பார்க்கலாம். 1770-இல் கேப்டன் குக்கின் ஆட்கள் கங்காரு என்ற சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டது இந்த மொழியிலிருந்துதான். இடப்பக்கம், வலப்பக்கம் என்று இதில் வழி சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நகரச் சொல்வதானாலும் கிழக்கே நகரு, தெற்கே நகரு என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருந்தாலும் இருட்டில் இருந்தாலும் திசை மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியத்தை முடிக்க முடியாது.

யாருக்கு எந்த மண், எந்த மொழி

உறவு வழிதான் முதன்மையானது. தந்தையின் மண், தாயின் மண், தாய்வழிப் பாட்டியின் மண் என்று ஒருவருக்குப் பல மண்களோடு பிணைப்பு இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் அவருடைய பொறுப்பு வேறு. மத்திய ஆஸ்திரேலியாவின் அரண்ட மக்களிடம் இன்னொரு வழியும் உண்டு. கருவின் அசைவைத் தாய் முதன்முதலாக உணர்ந்த இடம் எதுவோ, அந்த இடத்து முன்னோரோடு பிள்ளைக்குத் தனி உறவு ஏற்படுகிறது. மேற்குப் பாலைவனத்தில் பிறந்த இடம், பெற்றோர் புதைக்கப்பட்ட இடம், நெடுநாள் வாழ்ந்து காத்த இடம் ஆகியவையும் கணக்கில் வரும். கோட்பாடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருந்தாலும் விதிகள் பகுதிக்குப் பகுதி மாறும்.

வடகிழக்கு ஆர்னம் லேண்டின் யோல்ஙு மக்களின் முறை மிகத் தெளிவானது, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். அங்கே உலகம் முழுவதும் துவா, யிர்ரிச்சா என்று இரண்டு பாதிகள். மனிதர், மரம், மீன், காற்று, நிலம் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும். ஒவ்வொரு பாதியிலும் பல குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தன் நிலம், தன் ஓவிய வடிவங்கள், தன் பாடல்கள், தன் 'மாத்தா' இருக்கும். மாத்தா என்றால் நாக்கு, அதாவது மொழி. துவா ஆள் யிர்ரிச்சா ஆளைத்தான் மணக்க வேண்டும். ஆகவே எந்த வீட்டிலும் தாயும் தந்தையும் வேறு வேறு குலம், வேறு வேறு மாத்தா. பிள்ளை தாயோடும் தாயின் சகோதரிகளோடும் வளர்வதால் முதலில் அவர்கள் பேச்சு வரும். வளர வளரத் தந்தையின் குலமொழிக்கு மாறும். பிள்ளைக்குச் சொந்தம் அதுதான். தாயின் குலத்து மண்ணுக்கும் சடங்குக்கும் அந்தப் பிள்ளை காவலர். தாய்க் குலத்துக்கும் பெண்வழிப் பிள்ளைகளுக்கும் இடையிலான அந்த உறவுக்கு 'யோத்து யிந்தி' என்று பெயர். நிலமும் இந்த உறவுப் பெயராலேயே பேசப்படும்.

இன்று எர்கலா போன்ற ஊர்களில் பல குலங்கள் ஒன்றாக வாழ்வதால் பிள்ளைகள் துவாயா என்ற பொதுப் பேச்சில் வளர்கிறார்கள். குலமொழி சடங்கிலும் பாட்டிலும் பெரியவர்களின் வாயிலும் இருக்கிறது. துவாயா மட்டுமே பேசும் இளைஞருக்கும் தன் குலமொழி இன்னது என்பதில் குழப்பமே கிடையாது.

பாலைவனத்து வள்பிழி மக்களிடம் வேறு ஏற்பாடு. யூண்டுமு, லஜமானு ஆகியவை அவர்களின் முக்கிய ஊர்கள். சமூகம் முழுவதும் எட்டு உறவுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆண்பெயர் ஒன்று, பெண்பெயர் ஒன்று. ஆண்பெயர்கள் ஜகரத்தில் தொடங்கும், பெண்பெயர்கள் நகரத்தில். ஜகமர்ரா ஆண் நபல்ஜர்ரிப் பெண்ணை மணக்க வேண்டும். அவர்களுக்குப் பிறக்கும் மகன் ஜுபுர்ருளா, மகள் நபுர்ருளா. அந்த மகனுக்குப் பிறக்கும் மகன் மீண்டும் ஜகமர்ரா. பாட்டனும் பேரனும் ஒரே பிரிவு. இந்த இரண்டு பிரிவுகளும் மாறி மாறி வரும் தந்தைவழியாக ஒரு மண் இறங்கும்.

தந்தையின் சகோதரர் எல்லோரும் தந்தை, தாயின் சகோதரிகள் எல்லோரும் தாய். பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா என்று அழைத்துப் பழகிய தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். அதற்காக அத்தை மகள், மாமன் மகள் முறையை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பொருத்திவிடக் கூடாது. சொந்தத் தாய்மாமன் மகள் வேறு பிரிவில் விழுவாள், முதன்மைத் திருமண முறை, அதைவிட ஒரு தலைமுறை தள்ளிப் பிரிந்த உறவில் வரும் பெண்ணோடுதான்.

வள்பிழி நில முறையின் உயிர்நாடி 'கிட', 'குடுஙுளு' என்ற இணை. ஒரு மண்ணுக்குத் தந்தைவழி உடையவர்கள் கிட. அந்த மண்ணின் பெண்கள் பெற்ற பிள்ளைகள் குடுஙுளு. சடங்கில் ஆடுபவர் கிட. ஆட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்த்து, உடலில் வரையும் வடிவத்தைச் சரிபார்த்து, தவறினால் கண்டிப்பவர் குடுஙுளு. ஒருவர் இல்லாமல் மற்றவர் எதையும் செய்ய முடியாது. ஒவ்வொருவரும் ஒரு மண்ணுக்குக் கிட, இன்னொரு மண்ணுக்குக் குடுஙுளு.

வெளியார் அடிக்கடி இடறி விழுவதும் இங்கேதான். உடைமையாளர் யார் என்று கேட்டுக் கிட தரப்பின் ஒப்புதலை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினால், அது பாதி ஒப்புதல்தான். வடபிரதேசத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) 1976 நில உரிமைச் சட்டத்தின் கீழ் நடந்த தொடக்கக்கால விசாரணைகளில் தந்தைவழியை மட்டும் உடைமை என்று கொள்ளும் போக்கு இருந்தது. பிற்பாடு வந்த விசாரணைகளில்தான் தாய்வழிப் பொறுப்பும் உரிய இடம் பெறத் தொடங்கியது.

யூண்டுமுவில் நெடுங்காலம் வேலை பார்க்கும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ ஓர் உறவுப் பிரிவுப் பெயர் கொடுப்பார்கள். அந்தப் பெயர் இருந்தால்தான் யாரோடு எப்படிப் பேசுவது என்று மற்றவர்களுக்குத் தெரியும். அது மரியாதை, உறவு. அதனால் மண்ணிலோ மொழியிலோ உடைமை வந்துவிடாது.

எத்தனை மொழி தெரிந்தாலும்

இப்படி மணவுறவு மொழியெல்லையைத் தாண்டி நடப்பதால் நான்கைந்து மொழி அறிவது அங்கே சாதாரணம். வடகடலோரத்தில் சவுத் கோல்பர்ன் தீவின் வாருவி ஊரில் சில நூறு பேரே வாழ்கிறார்கள், பேசப்படுவதோ ஒன்பது மொழிகள் வரை. அங்கே கணவர் யோல்ஙு மாத்தாவில் கேட்பார், மனைவி மாவுங் மொழியில் பதில் சொல்வார். ஒருவர் மொழி மற்றவருக்கு முழுவதும் புரியும். ஆனால் யாரும் மாற மாட்டார்கள், ஆண்டுக்கணக்கில் குடும்பம் அப்படியே நடக்கும். புரிவதற்கு உரிமை தேவையில்லை, பேசுவதற்குத் தேவை. தனக்கு உரிமையில்லாத மொழியைச் சரளமாகப் பேசினால், அந்த மண்ணில் பங்கு கேட்பதுபோல் ஆகிவிடும். 'அவருக்கு அந்த மொழி தெரியாது' என்று வெளியார் குறித்துக்கொள்ளும் பல இடங்களில், தெரிந்தும் அவர் அடக்கமாக இருக்கிறார்.

மொழிகளை எண்ணும்போதும் இது சிக்கலாகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 76,978 பேர் வீட்டில் 167 பூர்வகுடி மொழிகளைப் பேசுவதாகப் பதிவானது. 2018-19-இல் நடந்த தேசிய மொழி ஆய்வோ 123 மொழிகள் பயன்பாட்டில் அல்லது மீட்பில் இருப்பதாகவும், பிள்ளைகள் இயல்பாகக் கற்று வளரும் வலுவான மரபு மொழிகள் 12 மட்டுமே என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. முதலாவது, வீட்டில் எந்த மொழி என்ற கேள்விக்கு மக்களே தந்த பதில். இரண்டாவது, மொழியின் உடல்நிலையை அளந்தது. உடையவர் எத்தனை பேர் என்பதை இரண்டுமே அளக்கவில்லை. அந்த எண்ணிக்கை இவற்றைவிடப் பல மடங்கு பெரியது.

பேச்சுக்கே தடை விழும் சமயங்களும் உண்டு. ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயருடைய மற்றவரையும் சில காலம் 'குமன்ஜயி' என்று பொதுப்பெயரால் அழைப்பார்கள். வள்பிழிக் கைம்பெண்கள் துக்கக் காலத்தில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கு மேலும், வாய்திறக்காமல் கைச்சைகையிலேயே பேசுவார்கள். எதையும் சொல்லக்கூடிய முழு மொழி அது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் இறந்தவர்களின் படமோ குரலோ வரலாம் என்று நிகழ்ச்சிக்கு முன் எச்சரிக்கை போடுவது இந்த மரபை மதித்துத்தான்.

பிணைப்பு அறுக்கப்பட்ட விதம்

நிலத்தைப் பறித்ததும் மொழியைப் பறித்ததும் இரண்டு செயல்கள் அல்ல, ஒரே செயல். மந்தை மேய்க்க நிலம் வேண்டும் என்று மக்களைத் துரத்தி, பல மொழி மக்களை ஒரே மிஷன் குடியிருப்பில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வைத்து ஆங்கிலம் மட்டும் பேசச் செய்தார்கள். 1910 முதல் 1970 வரை, பகுதியைப் பொறுத்துப் பத்தில் ஒரு பிள்ளை முதல் மூன்றில் ஒரு பிள்ளை வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக 1997-இல் வந்த விசாரணை அறிக்கை கணித்தது. அன்றைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-இல்.

எர்கலாவில் 1963-இல் நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும். யோல்ஙு நிலத்தின் ஒரு பகுதியைப் பாக்சைட் சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்ள அரசு முடிவு செய்தது. யோல்ஙு மக்கள் மரப்பட்டையில் மனு தயாரித்தார்கள். நடுவே தட்டச்சு செய்த தாள், அதில் குமாஜ் என்ற குலமொழியிலும் ஆங்கிலத்திலும் கோரிக்கை, கீழே 12 பேரின் கையொப்பம். சுற்றிலும் குல வடிவங்கள், ஒரு பட்டையில் துவா, மற்றதில் யிர்ரிச்சா. நாடாளுமன்றம் அந்த ஓவியங்களை அலங்கார வேலைப்பாடாகப் பார்த்திருக்கலாம். எழுதியவர்களுக்கோ அவைதான் பட்டா. இந்த வடிவத்தை வரைய எங்களுக்கு உரிமை உண்டு, ஏனென்றால் இந்த மண் எங்களுடையது என்று மொழியாலும் கோட்டாலும் ஒருசேரச் சொன்ன ஆவணம் அது. சுரங்கம் வந்தது. வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் நீதிபதி பிளாக்பர்ன், இந்த மக்களிடம் நுணுக்கமான சட்ட அமைப்பு இருப்பதை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஆங்கிலச் சட்டம் சொல்லும் சொத்துரிமை அது ஆகாது என்று தீர்ப்பளித்தார். அவர்கள் நிலத்துக்கு உரியவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம், நிலம் அவர்களுக்கு உரியது என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்தத் தோல்வி வீணாகவில்லை. 1976-இல் வடபிரதேச நில உரிமைச் சட்டம் வந்தது. இன்று அந்தப் பிரதேச நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி பூர்வகுடி நிலம். 1992 ஜூன் 3-இல் மாபோ வழக்கில், நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம், இந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமற்றுக் கிடந்தது என்ற பழைய கோட்பாட்டைத் தூக்கியெறிந்தது. டோரஸ் நீரிணையில் மர்ரே தீவின் மெரியம் மக்கள் தொடுத்த வழக்கு அது. அடுத்த ஆண்டே பூர்வ உரிமைச் சட்டம் வந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. குடியேற்றக் காலம் தொட்டு இன்றுவரை மரபையும் வழக்கத்தையும் பெருமளவு அறுபடாமல் காத்துவந்ததை உரிமை கேட்பவர் மெய்ப்பிக்க வேண்டும். மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் இதில்தான் அடிபட்டார்கள். 1998-இல் நீதிபதி ஓல்னி, வரலாற்றின் அலை அவர்கள் மரபை அடித்துச் சென்றுவிட்டது என்று எழுதினார். அவர் பெரிதும் நம்பியது, 1840-களில் அதே நிலத்தில் ஆடு மேய்த்த குடியேறி எட்வர்ட் கர் எழுதிவைத்த குறிப்புகளை. மூத்தவர்களின் வாய்மொழிச் சாட்சியத்துக்கு அவ்வளவு எடை கிடைக்கவில்லை. பிழைப்புக்கு நிலம் தாருங்கள் என்று அந்த மக்களின் முன்னோர் 1881-இல் கொடுத்த மனுவையே, அவர்கள் பழைய வாழ்வைக் கைவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். 2002-இல் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. யாரிடமிருந்து அதிகம் பறிக்கப்பட்டதோ அவர்களால்தான் மிகக் குறைவாக மெய்ப்பிக்க முடியும். தெற்கிலும் கிழக்குக் கரையிலும் உள்ள மக்களுக்கு இந்தச் சட்டம் இன்றுவரை வைத்திருக்கும் தடை இது.

2019-இல் டிம்பர் க்ரீக் வழக்கு ஒரு படி முன்னே போனது. ஙலிவுர்ரு, நுங்கலி மக்களுக்கு நிலத்தின் விலையும் வட்டியும் தவிர, மண்ணோடுள்ள பண்பாட்டுப் பிணைப்பு அறுந்ததற்கென்றே 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

மொழி திரும்பி வருவது

மொழி மண்ணுக்குரியது என்றால் பேச ஆளில்லாத மொழி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த மக்கள் 'உறங்கும் மொழி' என்கிறார்கள். அடிலெய்ட் சமவெளியின் கௌணா மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசியாக அறியப்பட்டவர் இவரிட்ஜி, 1929-இல் இறந்தார். கைக்குக் கிடைத்தது, டைக்கெல்மன், ஷூர்மன் என்ற இரண்டு ஜெர்மன் பாதிரிமார் 1840-இல் அச்சிட்ட சிறு நூல். இலக்கணக் குறிப்பு, ஏறத்தாழ 2,000 சொற்கள், இருநூறு வாக்கியங்கள். 1990-களில் கௌணா மக்களும் மொழியியலாளர்களும் அதிலிருந்து தொடங்கினார்கள். முதலில் பாட்டு, வாழ்த்து, வரவேற்புரை. பிறகு பள்ளிப் பாடம். இல்லாத சொற்களை இருக்கும் வேர்களிலிருந்து கட்டினார்கள். மூளைக்கும் மின்னலுக்கும் உள்ள சொற்களை இணைத்துக் கணினிக்கு 'முகண்டு' என்று பெயர் வைத்தார்கள். இன்று அடிலெய்டின் டோரன்ஸ் ஆற்றுக்குக் கர்ரவிர்ரா பர்ரி என்ற பெயரும் முறைப்படி உண்டு.

இந்த வேலையில் அடிக்கடி நேரும் தவறு, அனுமதி கேட்காமல் தொடங்குவது. சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பவர் மொழியியலாளராக இருக்கலாம், ஆனால் அதை எங்கே, எப்படி, யார் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்பவர் உடையவர். கட்டடத்துக்கோ பூங்காவுக்கோ பெயர் வேண்டுமென்றால் அந்த மண்ணின் மொழிக்குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். 'பூர்வகுடிப் பெயர்கள்' என்று எந்த மொழி என்றே குறிக்காமல் பழைய காலத்தில் அச்சான பட்டியல்களிலிருந்து அழகான சொல்லைப் பொறுக்கிப் பெர்த்தில் ஒரு வீட்டுக்கு வைத்தால், அது மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மண்ணின் சொல்லாக இருக்கக்கூடும். அந்தச் சொல் நிற்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

புதிதாகப் பிறந்த மொழிகளையும் குறைத்து மதிக்க வேண்டாம். வடக்கில் பல சமூகங்களின் தாய்மொழியான கிரியோலுக்கு ஆங்கிலச் சொற்கள் அடிப்படை, ஆனால் இலக்கணமும் பொருளும் அதனுடையவை. 1966-இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வெளியேறிப் போராடி மண்ணை மீட்ட குரிஞ்சி மக்களின் பிள்ளைகள் பேசுவது குரிஞ்சியும் கிரியோலும் முறையாகப் பின்னிய கலப்பு மொழி. தங்களைக் குரிஞ்சிகள் என்று அடையாளம் காட்டுவதும் அந்த மொழிதான்.

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழருக்கு

சிட்னியில் தமிழர் நிறைந்த டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் எல்லாம் தருக் மண். டூங்காபி என்ற பெயரே டூகாகல் குலத்தினரிடமிருந்தும், பாரமட்டா பர்ரமட்டகல் குலத்தினரிடமிருந்தும் வந்தவை. தமிழ்ச் சங்க விழாக்களில் இப்போது மண்ணுக்கு மரியாதை சொல்லித் தொடங்குகிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. மண்ணுக்கு வரவேற்பது அந்த மண்ணின் உடையவர் மட்டுமே செய்யக்கூடியது. அவரை முன்கூட்டியே அழைத்து, உரிய ஊதியமும் தர வேண்டும். மண்ணின் மக்களை நினைவுகூர்ந்து வணங்குவதை யாரும் செய்யலாம், தமிழிலும் செய்யலாம். வேறு மண்ணைச் சேர்ந்த பூர்வகுடி ஒருவரை மேடையேற்றி வரவேற்புரை கேட்பது அவரையும் சங்கடப்படுத்தும், உடையவர்களையும் அவமதிக்கும்.

எந்த மண் என்று பார்க்க, கான்பராவில் உள்ள, பூர்வகுடிகளைப் பற்றிய ஆய்வு நிறுவனமான அயாட்ஸிஸ் 1996-இல் வெளியிட்ட வண்ண வரைபடம் நல்ல தொடக்கம். அதில் எல்லைகள் வேண்டுமென்றே மங்கலாக வரையப்பட்டிருக்கின்றன, உரிமை வழக்குக்கு அது ஆதாரம் ஆகாது. எல்லைப்புறங்களில் இரண்டு மக்கள் பங்கு சொல்வதும் உண்டு, ஆகவே உள்ளூர்க் குழுவிடம் கேட்டே உறுதி செய்ய வேண்டும். அதே நிறுவனத்தின் ஆஸ்ட்லாங் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குறியெண் உண்டு. வள்பிழிக்கு சி15. ஒரே மொழியின் பெயரைப் பலவாறு எழுதுவதால் வரும் குழப்பத்துக்கு அந்த எண் உதவும்.

பெயர்களைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலான ஆஸ்திரேலிய மொழிகளில் ககரத்துக்கு வல்லொலி, மெல்லொலி என்று பொருள் வேறுபாடு இல்லை, நமக்கும் அப்படித்தான். ங, ஞ, ண, ந, ன, ம என்ற மூக்கொலிகள் பல மொழிகளில் தனித்தனியே நிற்கின்றன. ள உண்டு, ழ உண்டு. இதை வைத்து அவர்கள் தமிழ் பேசுகிறார்கள், தமிழின் கிளை அது என்றெல்லாம் சமூக ஊடகங்களில் ஓடுவதை நம்ப வேண்டாம். ஒலிப்பட்டியல் ஒத்திருப்பதால் மொழிகள் உறவாகிவிடாது, அப்படி ஓர் உறவு மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஆனால் நம் எழுத்து அவர்கள் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆங்கில எழுத்தில் ஆர், என் சேர்ந்து வந்தால் பல மொழிகளில் அது ண. ஆர், எல் சேர்ந்தால் ள. தனி ஆர் பல மொழிகளில் ழ, இரட்டை ஆர் நம் ரகரமோ றகரமோ. அதனால்தான் வார்ல்பிரி என்று எழுதாமல் வள்பிழி என்றும், கௌர்னா என்று எழுதாமல் கௌணா என்றும் இந்தக் கட்டுரையில் எழுதினோம். சொல்லின் முதலில் ங வரும் பெயர்களும் ஏராளம். கான்பரா மண்ணின் ஙுன்னவல் மக்களை 'நுன்னவல்' ஆக்கிவிடாமல், ஙகரத்திலேயே எழுதலாம். எழுதுவதற்கு முன் அந்த மக்களே வெளியிட்ட ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டால் பிழை வராது.